பூட்டு மாட்டியவர் மலை இறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தச்சு வேலை செய்கிறேன். நிலை, கதவு, ஜன்னல், அலமாரி என்று அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு இதுதான் சோறு போடுகிறது. எலக்ட்ரானிக் பூட்டைப் பற்றி ஓர் ஆசாரி கடிதம் எழுதுவானேன் என்று கேட்கலாம். அந்தப் பூட்டு தகராறு செய்தால் மலைமேல் இருப்பவர்கள் முதலில் விற்ற கடைக்குப் போன் போடுகிறார்கள். கடை கீழே எங்கோ இருக்கிறது. "ஆள் அடுத்த வாரம் வருவார்" என்று பதில் வருகிறது. அப்புறம் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூட்டில் ஒரு குறையும் இருக்காது, கதவில்தான் இருக்கும். மாட்டிய அன்றைக்கே அரை மணி நேரம் நின்று சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில வருஷமாகவே இங்கே காட்டேஜ், ஹோம்ஸ்டே, வாடகை வீடு எல்லாவற்றிலும் சாவித் துவாரம் இருந்த இடத்தில் எண் பலகை வந்துகொண்டிருக்கிறது. சொந்தக்காரர் சென்னையில் இருப்பார், மதுரையில் இருப்பார். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் மேலே வருகின்றன. வத்தலக்குண்டு வழியாக ஏறி, வழியெல்லாம் நின்று போட்டோ எடுத்து, வந்து சேர ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். அந்த நேரத்தில் சாவியை வைத்துக்கொண்டு ஒரு வாட்ச்மேன் பனியில் நிற்பதற்குப் பதில் போனில் ஆறு எண்ணை அனுப்பிவிடலாம். நல்ல வசதிதான். பூட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை மாட்டிவிட்டுப் போகிற அவசரத்தின் மேல்தான்.

வருகிற பையன்கள் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். அளவுத்தாளைக் கதவில் ஒட்டி, துளை போட்டு, ஒயரை இழுத்து, ஸ்க்ரூவை முறுக்கி, வீட்டுக்காரர் போனில் ஆப் ஏற்றி, "சார், விரலை வைங்க" என்பார்கள். டிங் என்று திறக்கும். எல்லோருக்கும் சந்தோஷம். பணம் கைமாறும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது ஏப்ரல் மாதமாக இருக்கும். வெயில் காய்ந்து, மரமும் காய்ந்து, கதவு நிலைக்குள் இலகுவாக உட்காரும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் அதே கதவைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். தோள் கொடுத்துத் தள்ள ஆள் இருக்கிறது. பூட்டுக்குள் இருக்கிற சின்ன மோட்டாருக்குத் தோள் இல்லையே.

நாம் இருப்பதோ திண்டுக்கல் மாவட்டம். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கே ஒரு மாங்காய் பூட்டு வாங்கப் போனால், கடை மேஜையிலேயே நாலைந்து தடவை பூட்டித் திறந்து, எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் காசை எண்ணிக் கொடுப்போம். சில நூறு ரூபாய்ப் பூட்டுக்கு அவ்வளவு பார்க்கிறோம். பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குகிற பூட்டை மட்டும் ஒரு 'டிங்' சத்தத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

போன மழையில் அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு காட்டேஜுக்குக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் தம்பி சொன்னான், "அண்ணே, மெஷின் போச்சு. பச்சை விளக்கு எரியுது, உர்ர்ருனு சத்தம் வருது, திறக்க மாட்டேங்குது." விளக்கு எரிந்து சத்தமும் வருகிறதென்றால் மெஷின் போகவில்லை என்றுதான் அர்த்தம். கைப்பிடியைப் பிடித்துக் கதவை நன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எண்ணைப் போடச் சொன்னேன். திறந்துவிட்டது. பூட்டின் நாக்கு எங்கோ உரசி மாட்டிக்கொள்கிறது என்பது அதிலேயே தெரிந்துபோனது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உள்பக்கக் குமிழால் பூட்டைப் போட்டேன். நாக்கு சட்டென்று முழுசாக வெளியே வந்தது, சட்டென்று உள்ளே போனது. எண்ணைப் போட்டும் அப்படியே. கதவு திறந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, மூடியபின் மட்டும் திணறினால் குற்றவாளி கதவோ நிலையோதான். திறந்திருக்கும்போதே திணறினால் மாட்டியதில் பிழை. உள்பக்க, வெளிப்பக்கத் துண்டுகளை இணைக்கிற ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் நடுவில் போகிற ஒயர் நசுங்கியிருக்கும், இல்லாவிட்டால் நடுவிலுள்ள சதுரக் கம்பி சரியான திசையில் உட்கார்ந்திருக்காது. ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தினாலே சில பூட்டுகள் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். புதுப் பூட்டு வாங்கிய யாரும், பையன் நிற்கும்போதே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு தடவை, மூடி வைத்து நாலு தடவை பூட்டித் திறந்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். இரண்டு சத்தமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அட்டுவம்பட்டிக்கு வருகிறேன். எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கதவு மூடியல்லவா இருக்கும். வாட்ச்மேன் வீட்டில் கொஞ்சம் குங்குமம் வாங்கி, இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, நாக்கின் முனையில் தடவினேன். கதவை மூடி, குமிழைத் திருகி, மறுபடி திறந்தேன். நிலையில் பதித்த தகட்டில், ஓட்டைக்குக் கீழ் விளிம்பில் பிறைபோல ஒரு சிவப்புக் கோடு. நாக்கு ஓட்டைக்குள் நேராகப் போகாமல் அந்த விளிம்பில் உரசி இறுகிக்கொள்கிறது. கதவு ஒரு நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு நூல் என்றால் எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஏன் இறங்கியது என்று மேல் கீலைப் பார்த்தால், ஸ்க்ரூ இரண்டு சும்மா சுற்றுகிறது. முக்கால் அங்குல ஸ்க்ரூவில் அவ்வளவு கனமான கதவைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு நிலையின் மரத்துக்குள் ஆழமாக இறங்குகிற நீள ஸ்க்ரூ போட்டேன். கதவு மேலே ஏறிக்கொண்டது. மிச்சமிருந்த உரசலுக்குத் தகட்டின் விளிம்பில் அரத்தால் இரண்டு இழுப்பு. குங்குமம் தடவி மறுபடி பார்த்தேன், தகட்டில் கறையே விழவில்லை. பூட்டைத் தொடவேயில்லை. அதே பூட்டுக்குப் பதில் வேறு மாற்ற வேண்டும், உத்தரவாதத்தில் வராது என்று கடையில் சொல்லியிருந்தார்களாம்.

விளிம்பு சரியாக இருந்தும் மாட்டுவதுண்டு. அப்போது ஓட்டையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். பூட்டின் நாக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். நிலையில் அந்த அளவுக்குக் குடையாமல், தகட்டை மட்டும் அழகாகப் பதித்துவிட்டு, உள்ளே அரை அங்குலத்தில் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். குடைந்தாலும் மரத்தூளைச் சுத்தம் செய்ய மாட்டார்கள். நாக்கு போய் முட்டும், முழுசாக நீளவில்லை என்று பூட்டு தெரிந்துகொண்டு பின்வாங்கும், பீப் பீப் என்று கத்தும். வீட்டுக்காரர் சாப்ட்வேர் கோளாறு என்பார். ஒரு பென்சிலை ஓட்டைக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து எடுத்து, வெளியே நீண்டிருக்கிற நாக்கோடு வைத்துப் பாருங்கள். பென்சில் அளவு குறைவாக இருந்தால் உளிதான் வைத்தியம், ஆப் அப்டேட் அல்ல.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பூட்டுக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. மரம் ஈரத்தில் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, குறுக்குவாக்கில்தான் ஊதும். அதனால்தான் மழையில் கதவு பக்கவாட்டில் பிடிக்கிறது. பூட்டுக்காகக் கதவின் விளிம்பில் பெரிய குழி வெட்டுகிறார்கள். சுற்றிலும் வார்னிஷ் பளபளக்கும், வெட்டிய குழிக்குள் மட்டும் பச்சை மரம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். எங்கள் ஊர்ப் பனி அந்தக் குழிக்குள்தான் முதலில் நுழைகிறது. பூட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அந்தக் குழியில் ஒரு கை பிரைமரோ வார்னிஷோ அடித்துக் காயவிட்டால் போதும். கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும்கூட யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடமாம். ரெடிமேடாக வாங்குகிற பிளஷ் கதவு, அதாவது பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவென்றால் இன்னும் மோசம். பழைய பங்களாக்களில் வெள்ளைக்காரர் காலத்துத் தேக்குக் கதவு நிற்கிறது பாருங்கள், அதில் இந்தப் பூட்டைப் போட நினைப்பவர்கள் கதவின் தடிமனை முதலில் அளந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் இத்தனை மில்லிமீட்டரிலிருந்து இத்தனை வரை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் போனால் நடுக்கம்பி எட்டாது. கம்பி எட்டவில்லை என்று தேக்கைச் செதுக்கிய மகானுபாவர்களையும் பார்த்தாயிற்று.

அப்புறம் பேட்டரி. பெரும்பாலான பூட்டுகளில் நாலு சின்ன பேட்டரி இருக்கும், ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 6 வோல்ட். அல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற மலிவான ரகம் கூடாது. சிக்கனம் என்று சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி போடுகிறவர்கள் உண்டு. அது ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், நாலும் சேர்ந்தால் 4.8. பேட்டரி தீராமலேயே சில பூட்டுகள் "பேட்டரி குறைவு" என்று கத்திக்கொண்டிருக்கும். பழையதும் புதியதும் கலந்து போட்டாலும் தொந்தரவுதான். மலைக்காரர்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. குளிரில் அல்கலைன் பேட்டரியின் சக்தி குறையும். ஜனவரியில் ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற விடியற்காலையில், எண் பலகையில் விளக்கு எரியும், பீப் சத்தமும் வரும், ஆனால் மோட்டார் திரும்பாது. விளக்குக்கு வேண்டிய கரண்ட் கொஞ்சம், மோட்டாருக்கு வேண்டியது அதிகம். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே பூட்டு தானாக வேலை செய்யும், "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் விடிகாலை மறுபடி அதே கதை. அப்படி ஒரு தடவை ஆனாலே நாலு பேட்டரியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இன்னொன்று, நாக்கு உரசுகிற கதவில் பேட்டரி சீக்கிரம் தீரும். ஒவ்வொரு தடவையும் மோட்டார் மல்லுக்கட்டுகிறதல்லவா. கம்பெனி சொன்ன மாதக் கணக்கெல்லாம் உரசாத கதவுக்குத்தான்.

பேட்டரி அடியோடு தீர்ந்து வெளியே நின்றால் என்ன செய்வது என்பது பல பேருக்குத் தெரியவில்லை. பல பூட்டுகளில் வெளிப்பக்கத் துண்டின் அடியில் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் இருக்கும். அதில் 9 வோல்ட் பேட்டரியின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணையோ விரலையோ வைத்தால் திறக்கும். உயிர் வரவில்லையா, பேட்டரியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். அது கரண்ட் மட்டும்தான் கொடுக்கும், தானாகத் திறந்துவிடாது. புது ரகங்களில் போன் சார்ஜர் குத்துகிற துளை இருக்கும், பவர் பேங்க் போதும். இதையும் மாட்டுகிற அன்றே செய்து பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வெளியே வந்து 9 வோல்ட்டால் திறக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், வேலை செய்யும்" என்பார்கள். வேண்டும்.

செண்பகனூரில் தனியாக இருக்கிற ஓர் அம்மா. மகன் வெளிநாட்டிலிருந்து சொல்லிப் போட்டுக் கொடுத்த பூட்டு. ஒரு சாயங்காலம் துணி துவைத்துவிட்டு, கொடியில் போட்டுவிட்டு வருவதற்குள் காற்றில் கதவு சாத்தி, தானாகப் பூட்டிக்கொண்டது. அந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. விரலை வைக்கிறார், எடுக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி, குளிரில் சுருங்கிய விரல். புடவையில் துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு விளக்கு. தப்பான விரலென்று நினைத்துக்கொண்டு சில தடவைக்கு மேல் பூட்டு பேசாமல் இருந்துவிட்டது. தப்பாகத் தொடர்ந்து முயன்றால் சில நிமிஷம் எதையும் ஏற்காமல் நிற்பது இந்தப் பூட்டுகளின் வழக்கம். எண் தெரியுமா என்றால், மகனுக்குத் தெரியும். அங்கே அப்போது நடுராத்திரி. சாவி எங்கே? பெட்டியோடு பீரோவுக்குள், எல்லாச் சாவியும். பக்கத்து வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தபோது இருட்டிவிட்டது, மஞ்சு இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. நான் போவதற்குள் அவர் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஆசாரி, கதவை உடைச்சிடாதப்பா, அவர் பார்த்துப் பார்த்துச் செஞ்ச கதவு" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, விரலில் லேசாக ஈரம் தொட்டு, துடைத்து, அழுத்தாமல் வைக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டது.

இதில் பூட்டின் தப்பு எதுவுமில்லை. மாட்டிய பையன் அவரிடம் ஒரே ஒரு விரலை, வெயில் வேளையில், காய்ந்த கையோடு பதிந்துவிட்டுப் போயிருந்தான். வயதானவர்கள், தோட்ட வேலை, கல் வேலை, என்னைப் போல மர வேலை செய்கிறவர்கள், பூண்டு உரிக்கிற பெண்கள் கையில் ரேகை தேய்ந்திருக்கும். என் கட்டைவிரலை இன்றுவரை எந்தப் பூட்டும் மதித்ததில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல், அதிலும் ஒரே விரலை இரண்டு தடவை, வேறு வேறு கோணத்தில் பதிய வேண்டும். காலைக் குளிரில் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். விரலையே நம்பாமல் எண்ணையும் வாய்ப்பாடு போல அவர்களுக்கு மனப்பாடம் செய்துவைக்க வேண்டும். சாவியில் ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். சாவித் துவாரம் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த மூடியைக் கழற்றிச் சாவியைப் போட்டு ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? துவாரத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். பென்சில் கரித்தூள் போதும்.

கோளாறே இல்லாததைக் கோளாறென்று நினைத்துக் கூப்பிடுவதும் உண்டு. வெளியே கைப்பிடி சும்மா சுற்றுகிறது, உடைந்துவிட்டது என்பார்கள். பூட்டியிருக்கும்போது கைப்பிடி சும்மா சுற்றும்படிதான் பல பூட்டுகளைச் செய்கிறார்கள், திருடன் தொங்கி உடைக்காமலிருக்க. உள்ளேயிருந்து இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தால் வெளியே விரல் வைத்தாலும் மறுக்கும், அதுவும் சரிதான். புதிதாக மாட்டியதும் யார் விரலை வைத்தாலும் திறக்கிறதே என்று பயந்துபோய் ஒருவர் கூப்பிட்டார். பல ரகங்களில் முதல் நிர்வாகியின் விரலோ எண்ணோ பதிகிறவரை அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டியது வேறு. சோதிப்பதற்காகப் பையன் தன் விரலையே முதலில் பதிந்துவிடுவான், பெட்டியில் வருகிற 123456 அப்படியே இருக்கும். அவன் கெட்டவன் என்று சொல்லவில்லை. பழைய பதிவை எல்லாம் அழிக்கச் சொல்லி, முதல் பதிவு உங்களுடையதாக இருக்கும்படி, உங்கள் கையாலேயே செய்யுங்கள். விருந்தினருக்குக் கொடுத்த எண்ணையும் அவர்கள் காலி செய்த அன்றே அழித்துவிட வேண்டும். போன தீபாவளிக்கு வந்தவர் எண் பொங்கல்வரை உயிரோடு இருக்கிற காட்டேஜ் உண்டு.

மழைச் சாரல் நேராக அடிக்கிற கதவில், மேலே சன்ஷேடு இல்லாமல், தொடுபலகைப் பூட்டு மாட்டக் கூடாது. தண்ணீர்த் துளியையே விரலென்று எண்ணிக்கொண்டு அது தானாக எண் அழுத்தும். தண்ணீர் தாங்கும் தரம் பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு எண்ணாக இருக்கும், அதில் இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. வீட்டுக்குள் அறைக்கதவுக்கென்று செய்ததை வாசலில் மாட்டிவிட்டு மழையைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அட்டையால் திறக்கிற பூட்டுகளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சீசன் இல்லாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வைத்தால் அது நின்றுவிடும், அப்புறம் புது அட்டையைக் காட்டினாலும் "காலம் முடிந்தது" என்று மறுக்கும். நேரத்தைத் திருத்தினால் சரியாகிவிடும், பூட்டை மாற்றத் தேவையில்லை. கண்ணாடிக் கதவில் போடுகிற காந்தப் பூட்டு வேறு ஜாதி. அது கரண்ட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது, கரண்ட் போனால் திறந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்டதில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொண்டு காந்தப் பூட்டுப் போடுங்கள். போனில் திறக்கிறவர்களும் யோசிக்க வேண்டும். கரண்ட் போனால் பூட்டு பேட்டரியில் ஓடும், வைஃபை ஓடாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு திறக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் பார்ப்பது உள்பக்கக் கைப்பிடியைத்தான். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உள்ளே இருப்பவர் கைப்பிடியை ஒரு தடவை அழுத்தினால், மிஞ்சினால் குமிழை ஒரு தடவை திருகினால், கதவு திறக்க வேண்டும். குளிருக்கென்று அறைக்குள் கரியடுப்பை மூட்டி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு தூங்கி, கார்பன் மோனாக்சைடில் மூச்சு முட்டி உயிர்விட்டவர்கள் பற்றி இந்த மலையிலிருந்தே செய்தி வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை கிறுகிறுத்து எழுகிறவருக்கு எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்று யோசிக்க நேரம் இருக்காது. வெளியூர்க்காரருக்கு அறையைக் காட்டும்போது வெந்நீர்க் குழாயைக் காட்டுகிற மாதிரி இதையும் செய்து காட்டச் சொல்லி, நான் மாட்டிய கதவு இருக்கிற வீடுகளில் வாட்ச்மேன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளேயிருந்து திறந்து காட்டாத பூட்டுக்கு நானாக இருந்தால் காசு கொடுக்க மாட்டேன்.

கடைக்காரர்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. மாட்ட வருகிற ஆளைக் காலை முதல் பஸ்ஸில் அனுப்புங்கள், மத்தியானத்தில் அல்ல. கதவைப் பார்க்க உள்ளூர் ஆசாரி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேலை வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன், மறைப்பானேன். ஏப்ரல், மே மாதங்களில் மாட்டிய பூட்டுகளை முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை இலவசமாக வந்து பார்த்துத் தருவோம் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். கீழே வெயிலில் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம், இங்கே தேவை.

வாங்குகிறவர்கள் ரசீதில் பூட்டின் மாடல், வரிசை எண், மாட்டிய தேதி, சாவி எத்தனை கொடுத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் பூட்டுக்கு மட்டுமா, மாட்டிய வேலைக்கும் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கதவு இறங்கியது உன் தப்பு, பூட்டு திணறுவது உன் தப்பு என்று கடையும் கம்பெனியும் பந்தை மாற்றி மாற்றி எறிவது அங்கேதான். அப்படி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். குங்குமக் கறை விழுந்த தகட்டைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலை செய்பவன்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.